சிறிய டிராக்டரில் கூடுதல் ஹைட்ராலிக் ஆற்றல் சேர்ப்பது எப்படி? தென்னந்தோப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாக முதலமடை வரையிலும், வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரையிலும் உள்ள தமிழக–கேரள எல்லைப் பகுதி தென்னந்தோப்புகள் நிறைந்தது. 25 அடி இடைவெளியில் மரங்கள் நிற்கும் தோப்புகளில், மட்டைகளுக்கும் சொட்டுநீர்க் குழாய்களுக்கும் இடையே எளிதாகத் திரும்பக்கூடிய 20 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சிறிய டிராக்டர்களையே விவசாயிகள் பலரும் விரும்புகிறார்கள். கேரள வேர் வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளிலும் பரவிய பிறகு, நோயுற்ற மரங்களை வேரோடு அகற்றுவதும், தண்டுகளைத் துண்டுபோட்டு வெளியேற்றுவதும், மூன்றடி ஆழ, அகலத்தில் புதிய குழிகள் எடுப்பதும் அடிக்கடி செய்ய வேண்டிய வேலைகளாகிவிட்டன. இவற்றுக்காகப் பெரிய மண்வாரி இயந்திரத்தை வாடகைக்கு அழைத்தால், அது ஈர மண்ணை அழுத்தி இறுக்குவதோடு, நல்ல மரங்களின் வேர்களையும் பாசனக் குழாய்களையும் சேர்த்தே நசுக்கிவிடுகிறது. எனவே கையில் இருக்கும் சிறிய டிராக்டரிலேயே மண் தோண்டும் பேக்ஹோ, மரத்துண்டுகளைப் பற்றித் தூக்கும் கிராப்பிள், டிப்பிங் டிரெய்லர், குழி துளைக்கும் ஆகர் போன்றவற்றை இயக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது. முடியும். ஆனால் டிராக்டரோடு வரும் ஹைட்ராலிக் அமைப்பு பின்பக்க லிஃப்ட்டைத் தூக்குவதற்காக அமைக்கப்பட்டதே தவிர, தொடர்ந்து ஆயில் கேட்கும் கருவிகளை நாள் முழுதும் இயக்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. அந்தக் குறையை நிரப்பும் முறையை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: விசையையும் வேகத்தையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

"என் டிராக்டரில் ஹைட்ராலிக் பவர் போதவில்லை" என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கருவி பாரத்தைத் தூக்கவே மறுக்கிறதா, அல்லது தூக்குகிறது ஆனால் மெதுவாகத் தூக்குகிறதா என்பதுதான். இரண்டும் வெவ்வேறு குறைகள். சிலிண்டர் தரும் விசையைத் தீர்மானிப்பவை ஆயிலின் அழுத்தமும் பிஸ்டனின் பரப்பளவும். சிலிண்டர் நகரும் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு நிமிடத்தில் வந்து சேரும் ஆயிலின் அளவு, அதாவது ஓட்டம்.

63 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு சிலிண்டரின் பரப்பளவு ஏறத்தாழ 31 சதுர செ.மீ. ஆகும், 150 பார் அழுத்தத்தில் அது சுமார் 4.7 டன் விசை தரும். அதே அழுத்தத்தில் 80 மி.மீ. சிலிண்டர் 7.6 டன்னும், 100 மி.மீ. சிலிண்டர் 12 டன்னும் தரும். அழுத்தத்தைத் தொடாமலேயே, சிலிண்டரின் அளவை மாற்றுவதால் மட்டும் விசை இரண்டரை மடங்காகிவிடுவதைக் கவனியுங்கள். அதற்கு ஈடாக வேகம் குறைகிறது. 60 செ.மீ. நீளம் நகரும் 100 மி.மீ. சிலிண்டரை நிரப்ப 4.7 லிட்டர் ஆயில் தேவை. நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் பம்ப் அதை நிரப்ப 19 விநாடி எடுக்கும், 30 லிட்டர் தரும் பம்ப்புக்கு ஒன்பதரை விநாடி போதும்.

இந்த வேறுபாடு தெரியாததால் நடக்கும் பெருந்தவறு, அழுத்தம் எல்லை மீறாதபடி ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வை முறுக்கி அழுத்தத்தை ஏற்றுவது. மெதுவாக நகரும் கருவியை அது வேகப்படுத்தாது. பம்ப்பின் உடல், லிஃப்ட்டின் வார்ப்பு, ஹோஸ், சீல் ஆகிய அனைத்தையும் அவை தாங்கும்படி கணக்கிடப்பட்ட எல்லைக்கு வெளியே தள்ளுவது மட்டுமே அதன் பலன். தொழிற்சாலை வைத்துத் தந்த ரிலீஃப் அமைப்பை, அழுத்தமானி இணைத்துப் பார்க்காமல் யாரையும் தொட அனுமதிக்காதீர்கள்.

படி 2: இருப்பதை அளந்து பாருங்கள்

டிராக்டரின் கையேட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: பம்ப்பின் ஓட்டம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ரிலீஃப் வால்வு எத்தனை பாரில் திறக்கும். இந்த வகை டிராக்டர்களில் ஓட்டம் பெரும்பாலும் 15 முதல் 25 லிட்டர் வரையிலும், அழுத்தம் 150 பாரை ஒட்டியும் இருக்கும். விளம்பரத்தில் காணப்படும் "750 கிலோ தூக்கும் திறன்" போன்ற எண் பின்பக்க லிஃப்ட்டைப் பற்றியது. வெளிக் கருவிகளுக்கு அதிலிருந்து எதையும் கணக்கிட முடியாது.

கையேட்டு எண் புதிய பம்ப்புக்கு உரியது. பல பருவங்கள் உழைத்த பம்ப் இன்று என்ன தருகிறது என்பதை அறிய, அளவு தெரிந்த ஒரு சிலிண்டரை வெளி வால்வில் இணைத்து, ஆயில் சூடான பிறகு, முழு எஞ்சின் வேகத்தில் அது நீள எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். 63 மி.மீ. விட்டமும் 50 செ.மீ. நீளமும் கொண்ட சிலிண்டரை நிரப்ப 1.56 லிட்டர் வேண்டும். ஆறு விநாடியில் நீண்டால் ஓட்டம் நிமிடத்துக்கு 15.6 லிட்டர். இதே சோதனையைப் பாரம் ஏற்றியும் செய்யுங்கள். நல்ல நிலையில் உள்ள பம்ப்பில் இரண்டு நேரங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். பாரத்தோடு ஆறு விநாடி ஒன்பதாகிறது என்றால் ஆயில் எங்கோ உள்ளுக்குள் கசிந்து திரும்புகிறது என்று பொருள். பம்ப், வால்வு, சிலிண்டர் சீல் ஆகியவற்றில் தேய்ந்தது எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே கூடுதல் அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். பலருக்கு அந்தப் பழுதுநீக்கமே போதுமானதாக இருந்துவிடும்.

படி 3: கருவியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எந்தக் கருவிக்கு உண்மையில் கூடுதல் ஓட்டம் வேண்டும் என்பதில் தெளிவு தேவை. டிப்பிங் டிரெய்லர் மட்டும்தான் உங்கள் தேவை என்றால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்கு அவசியமில்லை. ஆறு லிட்டர் கொள்ளும் ஜாக்கியை 15 லிட்டர் பம்ப் 24 விநாடியில் உயர்த்திவிடும். களத்தில் தேங்காய் கொட்டுவதற்கு அதைவிட வேகம் வேண்டியதில்லை. மட்டையைத் தூளாக்கும் இயந்திரமும், எஞ்சின் சக்தியைக் கருவிக்குத் தரும் பின்பக்கச் சுழல்தண்டான பி.டி.ஓ. தண்டிலிருந்தே நேரடியாக இயங்குவதுதான் நல்லது. ஹைட்ராலிக் மோட்டார் மூலம் அதை இயக்கினால் வழியிலேயே கணிசமான ஆற்றல் வெப்பமாகக் கழிந்துபோகும்.

கூடுதல் ஓட்டத்தை உண்மையில் கேட்பவை பேக்ஹோ, முன்பக்க லோடர், கிராப்பிள், ஹைட்ராலிக் மோட்டாரில் சுழலும் ஆகர் ஆகியவை. பேக்ஹோவில் ஒரே நேரத்தில் இரண்டு சிலிண்டர்களை நகர்த்தினால்தான் வேலை சீராக நடக்கும் என்பதால், இந்த அளவு டிராக்டருக்கான பேக்ஹோக்களுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 20 முதல் 35 லிட்டர் வரை தேவைப்படும். கருவியின் தகட்டில் அல்லது கையேட்டில் உள்ள எண்ணையே இறுதியாகக் கொள்ளுங்கள். ஆகருக்கு வேறு கணக்கு: 160 சி.சி. மோட்டாருக்கு 30 லிட்டர் கொடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 175 சுற்று சுழலும், 15 லிட்டர் கொடுத்தால் அதில் பாதிதான் சுழலும், முறுக்கு விசை மட்டும் இரண்டிலும் ஒன்றே.

அடுத்து, எஞ்சினால் அதைத் தர முடியுமா என்று பாருங்கள். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 150 பார், 30 லிட்டர் என்றால் 7.5 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 10 குதிரைத்திறன். பம்ப், பல்சக்கரப் பெட்டி, வால்வு ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்தால் பி.டி.ஓ. தண்டில் 12 முதல் 13 குதிரைத்திறன் வேண்டும். 24 குதிரைத்திறன் டிராக்டர் தன் பி.டி.ஓ.வில் இதைத் தாராளமாகத் தரும். 15 குதிரைத்திறன் டிராக்டரிடம் இதைக் கேட்பது முறையன்று. ஓட்டத்தை 18 லிட்டர் அளவுக்குக் குறைத்துக்கொண்டு, பொறுமையாக வேலை செய்வதே அதற்கு ஏற்றது.

படி 4: வழியைத் தேர்ந்தெடுங்கள்

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, டிராக்டரின் சொந்தப் பம்ப்பிலிருந்தே ஆயிலை வெளியே எடுப்பது. இதில் ஓட்டம் கூடாது; இருக்கும் ஓட்டத்துக்குப் புதிய வாசல் திறக்கிறோம், அவ்வளவுதான். டிப்பிங் டிரெய்லருக்கும் எப்போதாவது பயன்படும் ஒரு சிலிண்டருக்கும் இது போதும். தயாரிப்பாளரே தரும் கூடுதல் வால்வு கிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெளியில் வாங்கிய வால்வைப் பொருத்துவதாக இருந்தால் ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. பம்ப்புக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே வால்வு அமரும்போது, அதன் சாதாரண டேங்க் வாயை லிஃப்ட்டை நோக்கி இணைத்துவிட்டால், லிஃப்ட் பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தமும் அந்த டேங்க் வாயில் ஏறும். அந்தப் பகுதி அழுத்தம் தாங்குவதற்காக வார்க்கப்பட்டதன்று. சீல் பிதுங்கும், சில நேரம் வால்வின் உடலே விரிசல் விடும். எனவே "பவர் பியாண்ட்" எனப்படும் தனி வாய் கொண்ட வால்வை வாங்கி, அந்த வாயை லிஃப்ட்டுக்கும், டேங்க் வாயைத் தனியாக ஆயில் தொட்டிக்கும் இணைக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங்குக்குச் செல்லும் பாதையில் எந்த நிலையிலும் கை வைக்கக் கூடாது.

இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறிய டிராக்டர்கள் பலவற்றில் கியர் பெட்டி, பின் அச்சு, ஆயிலில் மூழ்கிய பிரேக், ஹைட்ராலிக் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். பெரிய ஜாக்கி ஒன்று நீளும்போது ஐந்தாறு லிட்டர் கியர் பெட்டியிலிருந்து வெளியேறுகிறது. சரிவில் நிற்கும் நேரத்தில் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்குகிறது. அதைவிட முக்கியமாக, எல்லைப் பகுதிக் கிராமங்களில் டிப்பிங் டிரெய்லரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் தருவதும் வாங்குவதும் இயல்பு. ஒவ்வொரு முறையும் அந்த ஜாக்கிக்குள் இருக்கும் அடுத்தவர் டிராக்டரின் ஆயிலும் அதிலுள்ள இரும்புத் துகளும் நீரும் உங்கள் கியர் பெட்டிக்குள் வந்து சேர்கின்றன.

இரண்டாவது வழி, பி.டி.ஓ. தண்டில் அமரும் தனிப் பம்ப், தனி டேங்க், தனி ஃபில்டர். ஓட்டம் உண்மையிலேயே கூடுகிறது. டிராக்டரின் ஆயில் தொடப்படுவதே இல்லை. வேலை முடிந்ததும் முழு அமைப்பையும் கழற்றி வைத்துவிட்டு ரொட்டவேட்டர் பூட்டலாம். டிராக்டரின் உத்தரவாதத்துக்கும் பதிவுச் சான்றுக்கும் இடையூறு இல்லை. பெரும்பாலான தோப்புக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், இனி வரும் படிகளும் இதற்கே உரியவை. ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. ஒற்றைக் கிளட்ச் கொண்ட டிராக்டரில் கிளட்ச்சை மிதித்தவுடன் பி.டி.ஓ.வும் நின்றுவிடும். நின்ற இடத்தில் வேலை செய்யும் பேக்ஹோவுக்கு அதனால் பாதிப்பில்லை. முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே வாளியை ஏற்றி இறக்க வேண்டிய லோடருக்கு அது பெரும் தொல்லை. லோடர் வேண்டுமென்றால் இரட்டைக் கிளட்ச் அல்லது தனித்து இயங்கும் பி.டி.ஓ. உள்ள டிராக்டராக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் தண்டிலிருந்து பம்ப்பை ஓட்டுவது. கிளட்ச் பிரச்சினை இதில் இல்லை. ஆனால் பம்ப்பின் தண்டும் கிராங்க் தண்டும் இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கிராங்க் சீலும் பேரிங்கும் கெடும். தயாரிப்பாளர் இதற்கென்று இடம் விட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

படி 5: பம்ப்பும் பல்சக்கரப் பெட்டியும்

பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கியர் பம்ப் ஒன்றை அந்த வேகத்தில் நேரடியாகச் சுழற்றி 30 லிட்டர் பெற வேண்டுமென்றால் சுற்றுக்கு 56 சி.சி. கொள்ளும் பெரிய பம்ப் வேண்டும். அதனால்தான் வேகத்தை மும்மடங்காக்கும் பல்சக்கரப் பெட்டியோடு சேர்த்து விற்கிறார்கள். 1:3 பெட்டியில் பம்ப்பின் வேகம் 1,620 சுற்றாகிறது; 20 சி.சி. பம்ப், உள்கசிவு போக, 30 லிட்டர் தரும். சில சிறிய டிராக்டர்களின் பி.டி.ஓ.வில் 540-ஐ விட அதிகமான வேகங்களும் உண்டு. அதில் போட்டால் ஓட்டமும் சக்தித் தேவையும் அதே விகிதத்தில் ஏறும் என்பதால், பயன்படுத்தப்போகும் வேகத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டு கணக்கிடுங்கள்.

சுழற்சித் திசையையும் சரிபார்க்க வேண்டும். டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் பி.டி.ஓ. கடிகார முள் திசையில் சுழலும். ஒரே ஓர் இணைப் பல்சக்கரம் கொண்ட பெட்டி அதை எதிர்த்திசையாக்கிவிடும். தவறான திசைக்கான பம்ப்பை மாட்டினால், அழுத்தம் தண்டின் சீல் பக்கம் ஏறி, இயக்கிய சில நொடிகளிலேயே அதைப் பிதுக்கித் தள்ளிவிடும். கோயம்புத்தூரில் பம்ப்பையும் பெட்டியையும் தனித்தனிக் கடையில் வாங்குபவர்கள் இதை எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

பெட்டி ஆறு பல் கொண்ட 35 மி.மீ. தண்டில் நேரடியாக அமர்ந்து, சங்கிலியாலோ இரும்புக் கையாலோ டிராக்டரின் உடலோடு கட்டப்படும். அந்தச் சங்கிலி பெட்டி சுழலாமல் தடுக்கத்தான்; இழுத்து இறுக்கினால் தண்டின் மீது பக்கவாட்டு அழுத்தம் ஏறும் என்பதால் சிறிது தளர்வு இருக்கட்டும். சங்கிலி இல்லாமல் ஒரு கணமும் பி.டி.ஓ.வைப் போடாதீர்கள்.

படி 6: டேங்கும் வெப்பமும்

கூடுதல் ஹைட்ராலிக் அமைப்புகள் எங்கள் பகுதியில் கெடுவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஆயில் அந்த வெப்பத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. சிலிண்டர் முனை வரை நீண்ட பிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தால், ஆயில் முழுவதும் ரிலீஃப் வால்வு வழியாகவே திரும்பும், அப்போது 7.5 கிலோவாட்டும் வெப்பமாக மாறும். 60 லிட்டர் ஆயிலை அது நிமிடத்துக்கு நாலரை டிகிரி வீதம் சூடாக்கும். 40 டிகிரியில் இருந்த ஆயில் ஒன்பது நிமிடத்தில் 80 டிகிரியை எட்டிவிடும். 80-ஐத் தாண்டிய ஆயில் நீர்த்துப்போய், பம்ப்பின் பற்களுக்கிடையே கசிந்து, ஓட்டத்தைக் குறைத்து, சீல்களைக் கடினமாக்கி, அமைப்பை உள்ளிருந்தே அழிக்கத் தொடங்கும். லீவரை விடும் பழக்கம் ஓட்டுநருக்கு வந்தாலே பாதி வெப்பம் குறையும்.

30 லிட்டர் ஓட்டத்துக்கு 60 லிட்டர் டேங்க் பொருத்தமானது. 40 லிட்டர் டேங்கும் போதும், ஆனால் திரும்பும் பாதையில் மின்விசிறி உள்ள கூலர் வைக்க வேண்டும். அந்த விசிறி இழுக்கும் மின்சாரத்தை டிராக்டரின் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் மட்டம் பம்ப்பை விட உயரத்தில் இருக்கும்படி டேங்கை அமைத்தால் பம்ப் எளிதாக உறிஞ்சும். உறிஞ்சும் வாயும் திரும்பும் வாயும் டேங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், நடுவே ஒரு தடுப்புத் தகட்டுடன் இருக்கட்டும். திரும்பும் ஆயில் ஆற அவகாசம் கிடைக்கும், அதிலுள்ள காற்றுக் குமிழிகளும் மேலேறி வெளியேறும். திரும்பும் குழாயின் முனை எப்போதும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும், உறிஞ்சும் முனை அடித்தளத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்க வேண்டும், எல்லா சிலிண்டர்களும் நீண்ட நிலையிலும் ஆயில் மட்டம் அதற்கு மேலேயே இருக்க வேண்டும். அடியில் வடிகால் திருகும், மேலே ஃபில்டர் பொருத்திய மூச்சுத் துளையும் அவசியம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் ஆடிக்காற்று அடிக்கும்போது எழும் நுண்ணிய தூசி, சாதாரண மூடித் துளை வழியாக உள்ளே போய்விடும்.

லேத் பட்டறையில் டேங்க் செய்வதாக இருந்தால், வெல்டிங் கசடு முழுவதையும் தேய்த்து எடுத்து, டீசலால் கழுவி, துணியால் துடைத்து உலர்த்திய பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். உள்பக்கம் சாதாரண பெயின்ட் பூசக் கூடாது. சூடான ஆயில் அதை உரித்து வால்வுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆயில் தேர்வு எளிது. எங்கள் வெப்பத்துக்கு, தேய்மானத் தடுப்புச் சேர்மானம் உள்ள வி.ஜி. 68 ஹைட்ராலிக் ஆயில் ஏற்றது. எஞ்சின் ஆயிலோ பழைய கியர் ஆயிலோ கலக்க வேண்டாம்.

படி 7: ஹோஸ்களும் இணைப்புகளும்

30 லிட்டர் ஓட்டத்துக்கு, உறிஞ்சும் ஹோஸ் குறைந்தது ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் இருந்தால் இன்னும் நல்லது. அழுத்த ஹோஸ் அரை அங்குலம். திரும்பும் ஹோஸ் முக்கால் அங்குலம். உறிஞ்சும் ஹோஸ் ஒடுங்கினால் பம்ப்புக்குள் ஆயிலில் வெற்றிடக் குமிழிகள் உருவாகி உடைந்து, சரளைக்கல்லைத் தகரத்தில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் எழும்; அந்தச் சத்தத்தோடு ஓடும் பம்ப் நெடுநாள் நிலைக்காது. தோட்டத்தில் கிடக்கும் பச்சை நீர்ப்பாசன ஹோஸை உறிஞ்சும் பாதையில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் அது மெலிந்து, உறிஞ்சலில் உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். உள்ளே கம்பிச் சுருள் உள்ள, ஆயில் தாங்கும் ஆர்4 வகை ஹோஸையே வாங்குங்கள். அழுத்தப் பாதைக்கு இரண்டடுக்குக் கம்பிப் பின்னல் கொண்ட ஆர்2 வகை வேண்டும். அரை அங்குல ஆர்2 ஹோஸ் 275 பார் வரை வேலை அழுத்தம் தாங்கும், ஓரடுக்கு ஆர்1 ஹோஸ் 160 பார் வரைதான். விலை வேறுபாடு சிறியது, பாதுகாப்பு வேறுபாடு மிகப் பெரியது.

மோட்டார் செட்டுக்கு வாங்கிய ஜி.ஐ. குழாயும் எல்போவும் இங்கே வேண்டாம். அவை இந்த அழுத்தத்துக்கு உரியவை அல்ல. அவற்றின் துத்தநாகப் பூச்சும் உதிர்ந்து ஆயிலில் சேரும். திருகு இணைப்புகள் அனைத்தும் ஒரே மரை வகையில் இருக்கட்டும், பி.எஸ்.பி. என்றால் எல்லாமே பி.எஸ்.பி. டெஃப்லான் டேப்புக்குப் பதிலாக ரப்பர் விளிம்புள்ள வாஷர் பயன்படுத்துங்கள், ஏனெனில் பிய்ந்த டேப் துண்டு, வால்வுக்குள் நகர்ந்து ஆயிலின் பாதையை மாற்றும் உருளையான ஸ்பூலில் சிக்கினால் வால்வு பாதியில் நின்றுவிடும். உறிஞ்சும் பக்கம் 125 முதல் 150 மைக்ரான் வலையும், திரும்பும் பாதையில் 25 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய ஃபில்டரும் வையுங்கள்.

கருவியை மாட்டிக் கழற்ற அரை அங்குல குயிக் கப்ளர்கள் போதும். கழற்றும் முன் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை இரு பக்கமும் அசைத்து மீதி அழுத்தத்தை விடுவித்துவிடுங்கள். அப்படிச் செய்யாமல் வெயிலில் விட்ட கருவியின் ஹோஸுக்குள் ஆயில் விரிந்து, மறுநாள் கப்ளர் உள்ளே போக மறுக்கும்.

படி 8: வால்வும் ரிலீஃப் அமைப்பும்

நிமிடத்துக்கு 40 லிட்டர் தாங்கும் ஸ்பூல் வால்வு போதுமானது. பேக்ஹோ தன் வால்வுத் தொகுதியோடு வரும். ஆகர் போன்ற மோட்டார் கருவிக்கு, நடுநிலையில் இரு வேலை வாய்களும் டேங்க்கோடு இணையும் மோட்டார் ஸ்பூல் கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் ஸ்பூலில் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தவுடன் சுழலும் மோட்டார் சட்டென்று பூட்டப்பட்டு, அழுத்தம் தாறுமாறாக எகிறும்.

பம்ப்புக்கும் வால்வுக்கும் இடையே தனி ரிலீஃப் வால்வும், 250 பார் வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய அழுத்தமானியும் கட்டாயம் வேண்டும். கருவி கேட்கும் அழுத்தத்தை விட 10 முதல் 15 பார் மேலே ரிலீஃப் திறக்கட்டும். கருவி, பம்ப், ஹோஸ், சிலிண்டர் ஆகியவற்றில் குறைவாகத் தாங்கும் பொருளின் எல்லையே முழு அமைப்பின் எல்லை.

படி 9: முதல் இயக்கம்

ஆயிலை வலை வைத்து ஊற்றுங்கள். புது டப்பாவிலும் தூசி இருக்கும். பம்ப்பின் உறிஞ்சும் வாயிலும் ஆயில் நிரப்பி, ரிலீஃப் திருகை முழுவதும் தளர்த்தி, எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் பி.டி.ஓ.வைப் போடுங்கள். பாரமில்லாமல் பத்து நிமிடம் ஓடட்டும். பிறகு ரிலீஃப் திருகைச் சிலிண்டர் நகரும் அளவுக்கு மட்டும் சிறிது ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாகப் பலமுறை நீட்டிச் சுருக்கினால் உள்ளிருக்கும் காற்று டேங்குக்கு வந்துவிடும். ஆயில் பால் நிறத்தில் நுரைத்தால் உறிஞ்சும் பாதையில் எங்கோ காற்று நுழைகிறது. அந்த இணைப்பைக் கண்டுபிடித்து இறுக்கும் வரை மேலே போகாதீர்கள். காற்று நீங்கியதும் மட்டத்தைப் பார்த்து ஆயிலை நிரப்புங்கள். பிறகு எஞ்சினை வேலை வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சிலிண்டரை முனைக்குக் கொண்டுபோய் லீவரை இரண்டு, மூன்று விநாடி பிடித்து, அழுத்தமானியைப் பார்த்தபடி ரிலீஃப் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றுங்கள். விரும்பிய அழுத்தம் வந்ததும் பூட்டு நட்டை இறுக்கிவிடுங்கள்.

படி 10: உயிருக்குப் பாதுகாப்பு

கசிவு எங்கே என்று பார்க்கக் கையால் ஹோஸைத் தடவுவது மிகக் கொடிய பழக்கம். 150 பாரில் ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியில் தெரிவது ஒரு சிறு புள்ளி மட்டுமே, முதல் சில மணி நேரம் பெரிய வலியும் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படி நேர்ந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே சென்று, அழுத்த ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்துப் பார்த்தாலே போதும். தூக்கிய டிரெய்லர் தொட்டியின் கீழோ, உயர்த்திய வாளியின் கீழோ இரும்பு முட்டு வைக்காமல் யாரும் போகக் கூடாது.

சிறிய டிராக்டரின் எடை குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். முன்பக்க லோடரில் தென்னந்தண்டைத் தூக்கினால் பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பின்னால் எடை வேண்டும். ஆயில் நிரம்பிய டேங்கைப் பின்பக்கம் வைத்தால் ஆயில் மட்டுமே 50 கிலோவுக்கு மேல் இருக்கும், அது ஓரளவு உதவும், முழுமையாகப் போதாது. பேக்ஹோவை மூன்று முனை இணைப்பில் மட்டும் தொங்கவிடுவதை நான் ஏற்பதில்லை. வேரைப் பிடுங்கும்போது கருவி மேல்நோக்கித் தூக்கி ஓட்டுநரை நசுக்கக் கூடும். தொடர் அதிர்வில் கியர் பெட்டியின் வார்ப்பும் விரிசல் விடும். பின் அச்சிலிருந்து முன்பகுதி வரை நீளும் துணைச் சட்டத்தில் பேக்ஹோவைப் பொருத்தி, தாங்குகால்களைத் தரையில் ஊன்றிய பிறகே தோண்ட வேண்டும்.

படி 11: பராமரிப்பு

முதல் பத்து மணி நேர வேலைக்குப் பின் எல்லா இணைப்புகளையும் மீண்டும் இறுக்குங்கள். முதல் 50 மணி நேரத்தில் திரும்பும் ஃபில்டரை மாற்றுங்கள். பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தால், பளபளக்கும் உலோகத் தூள் பம்ப்பின் தேய்மானத்தையும், கறுப்பு ரப்பர் துணுக்குகள் சீல் அல்லது ஹோஸின் தேய்மானத்தையும் காட்டிக்கொடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து டேங்கில் ஈரம் சேர்ந்திருக்கக்கூடிய நேரத்தில், ஆயிலை மாற்றுவது நல்லது. இரவல் வந்த டிரெய்லரை இணைப்பதாக இருந்தால், அதன் ஜாக்கியில் உள்ள ஆயிலை முதலில் ஒரு வாளியில் வடித்து நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்திலோ பால் நிறத்திலோ இருந்தால் உங்கள் டேங்கோடு சேர்க்க வேண்டாம். கப்ளர்களின் தூசி மூடிகளைக் கயிற்றால் ஹோஸோடு கட்டி வைத்தால் தொலையாது. ஹோஸின் மேலே அச்சிடப்பட்ட தயாரிப்பு மாதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, வெயிலில் மேல்தோல் வெடித்துக் கம்பி தெரியத் தொடங்கிய ஹோஸை அன்றே மாற்றிவிடுங்கள்.